கார்மைக்கேல் சுரங்கத்துக்கு எந்தத் தண்ணீர்: ஆற்று வெள்ளமா, அணை நீரா, குழி ஊறலா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதானி குழுமத்தின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம் காகிதத்தில் மட்டும் இருந்த நாட்களிலேயே தண்ணீர்ச் சண்டை தொடங்கிவிட்டது. கரியைக் கழுவ வேண்டும், தூசியை அடக்க வேண்டும். சட்டர் ஆற்றிலிருந்து ஆண்டுக்கு 1,250 கோடி லிட்டர் வரை எடுத்துக் குழாயில் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். நம் கணக்கில் அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் அது எத்தனை நாளில் கிடைக்கும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சட்டர் நம் வைகையைப் போல. மழைக்காலத்தில் கரை புரளும், பிறகு மணலும் அங்கங்கே மடுவும்தான். ஆற்றில் நாளொன்றுக்கு 259.2 கோடி லிட்டருக்கு மேல், அதாவது வினாடிக்குச் சுமார் 1,060 கன அடிக்கு மேல், ஓடும்போது மட்டுமே மோட்டார் போடலாம் என்பது நிபந்தனை. ஓட்டப் பதிவேட்டைக் கையில் எடுத்தால் நான் சராசரியைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கோட்டுக்கு மேல் ஓடிய நாட்களை ஆண்டுவாரியாக எண்ணுவேன். ஓர் ஆண்டில் 30 நாள்தான் கிடைத்தது என்று வையுங்கள். முழு அளவையும் எடுக்க வினாடிக்கு 170 கன அடி இழுக்கும் மோட்டார்கள் வேண்டும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறாக இருந்தால் 14 கன அடி போதும். ஒரே பெரு வெள்ளம் சராசரியைத் தூக்கிவிடும். அதை நம்பி மோட்டார் வாங்கியவர் அடுத்த வறட்சியில் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எடுத்ததைத் தேக்கவும் வேண்டும். 1,000 கோடி லிட்டருக்கு 5 மீட்டர் ஆழத்தில் ஏரி வெட்டினால் பரப்பு 2 சதுர கிலோமீட்டர். அந்த வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் ஆவியாகிப் போகும். நிறைந்தே இருந்தால் 400 கோடி லிட்டர் வானத்துக்கு!

அடுத்தது பர்டெகின் அருவி அணை. 1987-இல் கட்டி முடித்தது, கொள்ளளவு சுமார் 66 டி.எம்.சி.; மேட்டூரில் 93.47. வறட்சியிலும் கைவிடாத நீர் என்றால் இதுதான். ஆனால் கீழே கரும்பு விவசாயிகள் இதை நம்பி இருக்கிறார்கள், குழாயும் நீளம், விலையும் கொடுக்க வேண்டும். இன்னொன்று: சட்டர் போய்ச் சேர்வதும் இதே அணைக்குத்தான். மேலே எடுக்கும் ஒவ்வொரு சொட்டும் இங்கே வராத சொட்டு. இரண்டையும் தனித்தனிக் கணக்கில் எழுதுவது தவறு.

மூன்றாவது, குழிக்குள் ஊறும் நிலத்தடி நீர். இதை மாற்று வழி என்று பட்டியலிடுவதே எனக்கு ஒப்பாது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் ஊறத்தான் செய்யும், இறைத்தே ஆகவேண்டும். இறைத்ததைக் கரி கழுவ வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆற்றில் அவ்வளவு குறைத்து எடுக்கலாம். ஆனால் பக்கத்தில் டூங்மபுல்லா ஊற்றுகள் இருக்கின்றன. அந்த மண்ணின் பழங்குடிகளான வாங்கன், ஜகலிங்கு மக்களுக்கு அவை புனிதமானவை. நீர்மட்டம் இறங்கி ஊற்று ஒருமுறை வற்றினால் திரும்பி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆறு அடுத்த மழையில் வரும்.

அதனால் ஊறும் நீரைக் கடைசிச் சொட்டு வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, பற்றாக்குறைக்கு மட்டும் வெள்ள நீரை எடுப்பதே என் தேர்வு. அணை நீர் தொடர் வறட்சிக்கு மட்டும்.

ஆற்றுத் திட்டத்தையும் சும்மா விட்டிருக்கக் கூடாது. பெரிய நிலக்கரிச் சுரங்கங்களின் நீர்த் தாக்கத்தை மத்திய அரசே ஆராய வேண்டும் என்று 2013-இல் சட்டத்தில் சேர்த்தார்கள். குழாய்த் திட்டம் சுரங்கமே அல்ல என்று சொல்லி அந்த ஆய்வைத் தவிர்த்தது அரசு. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2021 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அரசு முடிவு தவறு என்றது. கரி கழுவத்தான் அந்தக் குழாய்!