முட்டை இட்ட புறா: பிள்ளை புரிந்துதான் படிக்கிறதா?

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை கலந்த கூட்டம். பரீட்சைக்கு முன் யாருக்கு வாசிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க நான்கு வழிகளை முயன்றேன். ஒரே பிள்ளை ஒன்றில் முதலிடம், இன்னொன்றில் கடைசி. அப்புறம்தான் எந்த வழி எதை அளக்கிறது என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

எல்லாரும் முதலில் செய்வது சத்தமாக வாசிக்கச் சொல்வது. காகிதம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். பிள்ளைகளின் படிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க 2005இல் தொடங்கிய ஏசர் கணக்கெடுப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் செய்வதும் இதைத்தான்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. 2021இல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் இதற்குக் கடிகாரமும் வைத்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வரை புரிந்து வாசிக்க வேண்டும் என்பது இலக்கு.

அந்தச் சொல் கணக்கு தமிழில் கொஞ்சம் இடிக்கிறது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடம்’ என்பது நமக்கு ஒரே சொல். அதை வாசிக்கும் நேரத்தில் ‘பூ’, ‘ஆடு’, ‘மரம்’ என்று நாலைந்து சொல் வாசித்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தமிழ் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும். க, ச, ட, த, ப இடத்துக்கு இடம் ஒலி மாறுவதுகூடப் பேச்சுப் பழக்கத்திலேயே வந்துவிடுகிறது. எழுத்து கைவந்த பிள்ளை, பொருள் தெரியாத செய்யுளையும் கணீரென்று வாசித்துவிடும். கேட்கிற நமக்குப் பெருமையாக இருக்கும், அவ்வளவுதான். வாசிக்கவே தெரியாத பிள்ளையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையை நம்பலாம். புரிகிறதா என்று பார்க்க நம்பக்கூடாது.

அடுத்தது, நாம் எல்லாரும் எழுதி வளர்ந்த ‘பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி’. இதில் ஒரு குறும்பு செய்தேன். நானே இட்டுக்கட்டிய ஒரு வாக்கியத்தைக் கொடுத்தேன்: “நுங்கலன் நேற்று மாலை தெவலத்தில் ஒரு மிலக்கியைச் சொடுத்தான்.”

நுங்கலன் எதைச் சொடுத்தான்? “ஒரு மிலக்கியைச் சொடுத்தான்.” எங்கே சொடுத்தான்? “தெவலத்தில் சொடுத்தான்.” எல்லாரும் முழு மதிப்பெண். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், “அக்கா, சொடுத்தான்னா என்ன?” என்றாள்.

கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதுவது தனி வித்தை. வருடக்கணக்கில் நாம்தான் அதைப் பழக்கியிருக்கிறோம். 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு, வாசிப்பில் பட்டியலின் அடியில் நின்றன. அந்தத் தேர்வு கண்டெடுத்து எழுதுவதோடு விடாது. ஊகிக்கச் சொல்லும், எடைபோடச் சொல்லும். நம் வினாத்தாள் பழக்கம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தோடு போனவர்கள் அங்கே திணறியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த வழியைத் தூக்கிப்போடவும் வேண்டாம், கேள்வியை மாற்றினால் போதும். “வானம் கறுத்தது. பாட்டி மாடிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கைநிறைய வடகம்.” பாட்டி ஏன் ஓடினார்? மழை என்ற சொல்லே பத்தியில் இல்லை. பார்த்து எழுதுகிற பிள்ளை “பாட்டி மாடிக்கு ஓடினார்” என்று எழுதும். புரிந்த பிள்ளை “நனைஞ்சிரும்ல” என்று உடனே சொல்லும்.

கோடிட்ட இடத்தை நிரப்புவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து சொல்லுக்கு ஒன்றை எடுத்துவிட்டு முழுப் பத்தியாகக் கொடுக்கும் முறை 1953இல் அமெரிக்க ஆய்வாளர் வில்சன் டெய்லர் கொண்டுவந்தது. அது நல்ல முறைதான். நம் வினாத்தாள்களில் வருவதோ பாடத்திலிருந்து உருவிய ஒற்றை வரி. அது மனப்பாடத்தைத்தான் சோதிக்கும். போதாததற்கு, ‘எறிந்தாள்’ என்று முடிந்தாலே எறிந்தது பெண் என்று வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி வழி, படித்ததை மூடிவைத்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வது. என் ஓட்டு இதற்கே. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ் என்று நம்மிடம் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. எறும்பும் புறாவும் கதையில் “புறா இலையொன்றைப் பறித்து நீரில் இட்டது” என்று ஒரு வரி. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “புறா ஒரு எலயக் கிள்ளி தண்ணில போட்டுச்சு, எறும்பு அதுல ஏறிக்கிச்சு” என்றாள். புத்தகத் தமிழ் வீட்டுத் தமிழாக மாறிவிட்டது. பொருள் உள்ளே போகாமல் அது மாறாது. அவள் வாசிக்கும்போது விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் திக்கியவள். கடிகாரம் வைத்திருந்தால் கடைசி ஆளாக நின்றிருப்பாள்.

தடங்கலே இல்லாமல் வாசித்த பையன், அதே வரியை எழுத்து மாறாமல் ஒப்பித்தான். “இட்டதுன்னா என்னடா?” என்றேன். “முட்டை இட்டுச்சுக்கா.”

இதிலும் ஓட்டை உண்டு. தெரிந்த கதையைக் கொடுத்தது என் தப்பு. பாட்டியிடம் கேட்ட கதையைப் புத்தகத்தைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். கூச்சப்படும் பிள்ளை புரிந்தும் வாய் திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலே நேரம்: ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் நாற்பது பேர் வகுப்பில் இரண்டு மணி நேரம் போய்விடும். வகுப்பாசிரியர் முதலில் சத்தமாக வாசிக்கவைத்து வடிகட்டிவிட்டு, சரளமாக வாசிப்பவர்களை வாரத்துக்கு எட்டுப் பேராகத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். திக்குகிறவர்களுக்குக் கதையை நாமே வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்கலாம். சிக்கல் எழுத்திலா பொருளிலா என்று அப்போது பிரிந்து தெரியும். வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் இருக்கும் பெற்றோருக்கு இந்தக் கணக்கே வேண்டாம். சோறு போடும்போது, “இன்னைக்கு என்ன கதை படிச்ச, சொல்லு” என்று கேட்டால் போதும். நடுவில் திருத்தாதீர்கள்.

அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் பறவையே வராத கதையாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.