ரோமானிய வெள்ளிக் காசா, வெண்கலக் காசா? என் ஓட்டு வெள்ளிக்கு

சிங்கப்பூரில் டாலருக்கு வெள்ளி என்று பெயர். "150 வெள்ளி கொடுத்து 3 கிராம் வெள்ளி வாங்கினேன்" என்று நான் வீட்டில் சொன்னதும், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். வாங்கியது ரோமானியப் பேரரசர் டிராஜன் காலத்து வெள்ளிக் காசு, பெயர் டெனாரியஸ். அவர் ஐந்தாம் முறை கான்சலாக (ரோமின் உயர் ஆட்சிப் பதவி) இருந்ததாகக் காசிலேயே பொறித்திருப்பதால் கி.பி. 103க்கும் 111க்கும் இடையில் அடித்தது என்று சொல்லிவிடலாம். அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டு நான் வெண்கலக் காசு மட்டும்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சேகரிப்பவர்கள் 'வெண்கலம்' என்பது பேச்சு வழக்குக்குத்தான். செஸ்டெர்டியஸ் என்ற பெரிய காசு உண்மையில் பித்தளை: செம்பும் துத்தநாகமும். ஆஸ் என்ற சிறிய காசு செம்பு. 4ஆம் நூற்றாண்டின் சில்லறைக் காசுகளில் செம்போடு ஈயமும் வெள்ளீயமும் கலந்திருக்கும். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் கணக்கில் 1 டெனாரியஸுக்கு 4 செஸ்டெர்டியஸ், அல்லது 16 ஆஸ்.

வெள்ளிப் பக்கமும் அவ்வளவு சுத்தமில்லை. அகஸ்டஸ் அடித்தது ஏறக்குறைய தூய வெள்ளி. கி.பி. 64இல் நீரோ எடையையும் தரத்தையும் ஒருசேரக் குறைத்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்துக்கு வரும்போது பாதிதான் வெள்ளி. 215இல் கரகல்லா கொண்டுவந்த அந்தோனினியானஸ் என்ற புது வெள்ளிக் காசு, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தேய்ந்து தேய்ந்து, இரண்டாம் கிளாடியஸ் காலத்தில் (268–270) வெள்ளி முலாம் பூசிய செம்பாகிவிட்டது. அதையும் 'வெள்ளி' என்று பட்டியலில் போட்டு விற்கிறார்கள். என் கணக்கில் அது வெண்கலம்தான். நான் வெள்ளிக் காசு என்று சொல்லும்போதெல்லாம் பேரரசின் முதல் 200 சொச்சம் ஆண்டுகளின் டெனாரியஸை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

விலையை ஒரே வரியில் முடிக்கலாம். 4ஆம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்துச் சில்லறைக் காசு 15 முதல் 40 வெள்ளிக்குள் கிடைக்கிறது. முகம் தெளிவாக உள்ள சாதாரண டெனாரியஸுக்கு நான் கொடுத்தது 120 முதல் 200 வரை. அஞ்சல் செலவும் 9% ஜிஎஸ்டியும் தனி.

அழகில் வெண்கலம்தான் ஜெயிக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். டெனாரியஸின் குறுக்களவு 18 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நம் 10 காசு அளவு. செஸ்டெர்டியஸ் 30 மில்லிமீட்டருக்கும் மேல், எடை 25 கிராம். அத்தனை இடம் கிடைத்தால் அச்சு வெட்டுபவன் சும்மா இருப்பானா? நீரோ ஆஸ்டியா துறைமுகத்தையே கப்பல்களோடு அடித்தார். வெஸ்பாசியன் 71இல் யூதேயாவை வென்றதைப் பேரீச்ச மரத்தடியில் அழுதபடி அமர்ந்திருக்கும் பெண்ணாகக் காட்டினார். டைட்டஸின் செஸ்டெர்டியஸில் கொலோசியம் இருக்கைகளோடு தெரியும். ஆனால் நல்ல நிலையில் உள்ள செஸ்டெர்டியஸ் என் பட்ஜெட்டில் இல்லை. என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது, அதிலும் பேரரசர் யாரென்று காதின் வடிவத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. ஆகவே செஸ்டெர்டியஸ் பற்றி நான் சொல்வதைப் பாதி எடைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முடிவைத் தீர்மானித்தது விலையோ அழகோ இல்லை, செம்பில் ஏறும் பச்சைக் களிம்பு.

இங்கிலாந்து வியாபாரி ஒருவரிடம் பத்துக் காசுகள் சேர்ந்த ஒரு பொட்டலம் வாங்கியிருந்தேன், எல்லாமே 4ஆம் நூற்றாண்டு. அதில் எனக்கு மிகப் பிடித்தது ரோம் நகரின் பெயரில் 330இல் தொடங்கி அடித்த வகை. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. மறுபக்கம் பெண் ஓநாய் தலையைத் திருப்பி, தன் மடியில் பால் குடிக்கும் ரோமுலஸ், ரீமஸைப் (ரோமின் பிறப்புக் கதையில் வரும் இரட்டையர்) பார்த்துக்கொண்டிருக்கும். மேலே இரண்டு நட்சத்திரங்கள். அடியில் டிரியர் நகர நாணயச்சாலையின் எழுத்துகள். லண்டன் முதல் அலெக்சாண்டிரியா வரை எந்த ஊரில் அடித்தது என்று காசே சொல்லிவிடும். வெண்கலக்காரர்களின் பெரிய மகிழ்ச்சி இதுதான், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் ஒரு மரப்பெட்டி, உள்ளே வெல்வெட். நான்கு மாதம் கழித்துத் திறந்தபோது ஓநாயின் வயிற்றுக்குக் கீழே ஒரு புள்ளி, கடுகில் பாதி. பச்சை என்றாலும் காசின் மற்ற பச்சை இல்லை. பழைய காசின் படலம் கரும்பச்சையாக, வழுவழுப்பாக, ஊசி இறங்காத கெட்டியாக இருக்கும். இது வெளிர் பச்சை, உலர்ந்த புதினாப் பொடி மாதிரி. பல்குச்சியால் தொட்டேன். பொடி உதிர்ந்தது. அது இருந்த இடத்தில் ஒரு குழி. ரீமஸின் தலை அந்தக் குழியோடு போய்விட்டது. (ரோமுலஸாகவும் இருக்கலாம். யாரைக் கேட்பது?)

இதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். மண்ணில் 1,600 ஆண்டு கிடந்த செம்பு மண்ணின் உப்பிலிருந்து குளோரைடை உள்ளே இழுத்து, படலத்துக்கு அடியில் செம்புக் குளோரைடாக வைத்திருக்கும். ஈரமும் காற்றும் அங்கே எட்டினால் அது வெளிர் பச்சைப் பொடியாகவும் அமிலமாகவும் மாறும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பை அரித்து மறுபடி குளோரைடு ஆகும். மறுபடி ஈரம், மறுபடி பொடி. செம்பு தீரும்வரை நிற்காது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், கூடவே பிறந்தது என்பதற்காக. பள்ளியில் படித்தபோது புரியாத உவமை, 18 மில்லிமீட்டர் காசில் புரிந்தது.

ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்த நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80க்கு மேல். நான்கு மாதமாக அந்த மரப்பெட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். பெட்டி ஓக் மரம் என்று பிறகுதான் கவனித்தேன். ஓக் மரம் தானே அமில ஆவி விடும். நாணயப் பெட்டிக்கு மஹோகனிதான் மரபு என்பது எனக்கு அதுவரை தெரியாது.

சிகிச்சை உண்டு, செய்தேன். பொடியை ஊசியால் சுரண்டி எடுத்தேன். சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்தேன். வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் பல நாள். பிறகு மெல்லிய சூட்டில் உலர்த்தி, மெழுகு பூச வேண்டும். அருங்காட்சியகங்களில் பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளையும் பயன்படுத்துவார்கள். நச்சுத்தன்மை உடையது, சமையலறையும் குளியலறையும் ஒட்டியிருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் அதைத் திறக்க எனக்குத் துணிவில்லை. ஏழு வாரம் எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் பத்துத் தயிர்க் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. மாமியார் தினமும் அவற்றைக் கடந்து போவார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை இவ்வளவு கஷ்டம்? கொஞ்சம் புளி வச்சுத் தேய்ச்சா அஞ்சு நிமிஷத்துல பளிச்சுனு ஆயிடுமே, குடுங்க நான் விளக்கித் தர்றேன்." கிண்ணங்களை அன்றே அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றினேன். புளி பட்டால் 1,600 ஆண்டுப் படலம் போய்விடும், அதோடு காசின் மதிப்பும். அவர் விளக்கிய குத்துவிளக்கு பளபளப்பதும் உண்மைதான்.

கேமராவுக்கு விற்கும் மின்சார உலர் அலமாரி ஒன்று வாங்கி 35 விழுக்காட்டில் வைத்தேன். ஓராண்டு எந்தத் தொந்தரவும் இல்லை. அடுத்த டிசம்பரில் மூன்று வாரம் திருச்சிக்குப் போனோம். போகும்போது வீட்டில் உள்ள சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டுப் போகும் நல்ல பழக்கம் எனக்கு உண்டு. அலமாரியின் சுவிட்சும் அதில் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் பத்தில் நான்கில் பச்சைப் பொடி, ஓநாய் உட்பட. அன்றைக்குத்தான் எனக்கு வெண்கலம் போதும் என்று ஆயிற்று. காசு வாங்கும்போது நாம் கொடுப்பது விலையில் ஒரு பங்குதான். மீதியை மின்கட்டணமாக, மெழுகாக, ஞாயிற்றுக்கிழமைகளாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 20 வெள்ளி விலையுள்ள காசைக் காக்க 200 வெள்ளிக்கு அலமாரி!

டிராஜன் டெனாரியஸ் அதே அலமாரியில் அதே மூன்று வாரம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வெள்ளியின் எதிரி கந்தகம்: ரப்பர் பேண்டு, கம்பளி, செய்தித்தாள் ஆகியவை பக்கத்தில் இருந்தால் கறுக்கும். அந்தக் கறுப்பும் மெல்ல வந்தால் அழகுதான். ஓரத்தில் நீலமும் பொன்னிறமும் ஓடும் பழைய டெனாரியஸுக்குக் கூடுதலாகவே கொடுப்பார்கள். செய்ய வேண்டியது ஒன்றே: சும்மா விடுவது. விபூதி போட்டுத் தேய்க்காமல் இருப்பது (ஆமாம், அந்த யோசனையும் வந்தது). மலிவான பிவிசி உறையில் மட்டும் எந்தக் காசையும் போடாதீர்கள். அது நாளானால் பிசுபிசுவென்று பச்சையாகக் கசியும், வெள்ளிக்கும் கெடுதல், வெண்கலத்துக்கும் கெடுதல்.

வெள்ளிக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த சில காசுகளின் உள்ளே வெள்ளி படிகமாகி அப்பளம் மாதிரி உடையும். கீழே போட்டால் இரண்டாகிவிடும். எனக்கு இன்னும் நேரவில்லை, மேசையில் துண்டு விரித்துத்தான் எடுக்கிறேன். செவரஸ் காலத்துக் காசுகளில் செம்பு அதிகம் என்பதால் இந்த ஊர் ஈரத்தில் பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. என் அனுபவம் மூன்று ஆண்டுதான்.

போலி விஷயத்தில் வெண்கலம் கைகொடுக்கிறது. 20 வெள்ளி விலையுள்ள காசைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவது குறைவு. டெனாரியஸுக்கு ரோமானியர் காலத்திலேயே போலி உண்டு, செம்புக் கருவின் மேல் வெள்ளித் தகடு சுற்றி அடித்தது. தகடு கிழிந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்க்கும். அதையே தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் தானே அச்சு வெட்டி அடித்த போலிகள் அவ்வளவு நேர்த்தியானவை; இன்று அவற்றுக்கே தனிச் சந்தை. வார்ப்புப் போலி என்றால் விளிம்பில் கோடும் பரப்பில் நுண்குமிழும் காட்டிக் கொடுக்கும், 0.01 கிராம் தராசு மீதியைச் சொல்லும். அச்சில் அடித்த நவீனப் போலியைக் கண்டுபிடிக்கும் கண் எனக்கு இல்லை. அதனால்தான் காலவரையின்றித் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதித் தரும் வியாபாரிகளிடம் மட்டும், 20 விழுக்காடு கூடுதலானாலும், வாங்குகிறேன். விலை உயர்ந்த வெண்கலத்தில் தொல்லை வேறு வகை: தேய்ந்த தலைமுடியைக் கூர்கருவியால் புதிதாகச் செதுக்கிவிடுவார்கள். காசு உண்மை, முடி பொய்.

மறுவிற்பனை பற்றி விரிவாகப் பேச எனக்குத் தகுதியில்லை. இரண்டு டெனாரியஸ் விற்றேன், வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே வாரத்தில் போயின. ஆறு வெண்கலக் காசுகளை மொத்தமாகக் கொடுக்க ஐந்து மாதம் ஆயிற்று.

தமிழ்நாட்டில் இந்த இரண்டும் கிடைத்திருக்கின்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூர், கரூர் பக்கத்துப் புதையல்களில் கிடைத்த டெனாரியஸ்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களே மிகுதி. நீரோ தரம் குறைத்த பிறகு ரோமானிய வெள்ளி இங்கே வருவது வெகுவாகக் குறைந்தது. அன்றைய மிளகு வியாபாரிக்கும் வெள்ளியைத் தட்டிப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செம்புக் காசுகள் கரூர், மதுரை ஆற்று மணலிலும் இலங்கையிலும் ஏராளம். அந்த டிசம்பரில் அமராவதி ஆற்றுக் காசு என்று ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினார். ஆசையாகத்தான் இருந்தது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு இந்தியாவில் தொல்பொருள்; 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது என்று காகிதம் இல்லாத காசை ஐரோப்பாவிலிருந்தும் வாங்குவதில்லை.

இப்போது என்னிடம் 11 டெனாரியஸ் இருக்கின்றன, டைபீரியஸ் இன்னும் இல்லை. விவிலியத்தில் இயேசு "இதில் இருப்பது யாருடைய முகம்" என்று கேட்ட காசு அதுதான் என்ற நம்பிக்கையில் அதன் விலை மூன்று மடங்கு. வெண்கலத்தில் ஓநாய் மட்டும் மிச்சம். நோயைச் சொன்னால் வாங்க ஆளில்லை, சொல்லாமல் விற்க எனக்கு மனமில்லை. தனி டப்பாவில் சிலிகா ஜெல்லோடு, மற்ற காசுகளிலிருந்து தள்ளி இருக்கிறது. அலமாரியின் சுவிட்சு மேல் "அணைக்காதீர்கள்" என்று டேப் ஒட்டியிருக்கிறேன், எனக்காகத்தான். போன ஞாயிறு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குழி அப்படியே இருந்தது, புதிதாகப் பொடி இல்லை.