கேசினோவில் வழுக்கி விழுந்தால் வழக்கு எங்கே போடுவது: பணஜியிலா, சென்னையிலா?

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. அதனால் சென்னைக்காரர்கள் போகாமலா இருக்கிறார்கள்? மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் கோவா, கையில் காசு இருந்தால் கொழும்பு, சிங்கப்பூர். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே லாஸ் வேகாஸையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் நஷ்டஈடு கேட்கலாம். எந்த ஊரில், எத்தனை நாளுக்குள் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கோவா. பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களுக்குக் கரையிலிருந்து சிறு படகில் கூட்டிப்போவார்கள். மழைக்காலத்தில் படகிலிருந்து கப்பலுக்குக் கால் மாற்றி வைக்கும் இடம் நனைந்து கிடக்கும். சூதாட்ட மேஜையை விட எனக்கு அந்த ஒரு எட்டுதான் பயம். அங்கே விழுந்தவருக்கு இரண்டு வழி உண்டு: சிவில் வழக்கு, அல்லது நுகர்வோர் ஆணையம்.

கெடுவை மட்டும் பார்த்தால் சிவில் கோர்ட்டுதான் தாராளம். 1963 காலவரம்புச் சட்டத்தின்படி இத்தகைய கவனக்குறைவு வழக்குக்கு 3 ஆண்டு. நுகர்வோர் சட்டத்தில் 2 ஆண்டுதான். ஆனால் அந்த 3 ஆண்டு வளையாத கெடு. ஒரு நாள் தாண்டினாலும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்று சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. விழுந்தவர் இறந்துபோய்க் குடும்பத்தினர் வழக்குப் போடுவதானால் சிவிலிலும் இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நிற்காது.

அப்புறம் அலைச்சல். சிவில் வழக்கை விழுந்த இடத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் கேசினோ நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில். வாய்தாவுக்கு வாய்தா பணஜிக்கு விமானம் ஏற யாரால் முடியும்? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் சட்டம் இதை மாற்றியது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். அதாவது கோவாவில் விழுந்த பெரம்பூர்க்காரர் சென்னை மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

பணக் கணக்கிலும் நுகர்வோர் பக்கமே தேவலை. சிவில் கோர்ட்டில் கேட்கும் தொகை ஏற ஏறக் கோர்ட்டுக் கட்டணமும் ஏறும். நுகர்வோர் ஆணையம் பார்ப்பது நீங்கள் கேசினோவுக்குக் கொடுத்த பணத்தை. நுழைவுச் சீட்டுக்குச் சில ஆயிரம் கொடுத்திருப்பீர்கள். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இழப்பீடாக 40 லட்சம் கேட்டாலும் அதேதான். இந்தக் கணக்கு செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சீட்டு நண்பர் எடுத்துக் கொடுத்ததா? அவர் சம்மதத்தோடு போன நீங்களும் நுகர்வோர்தான். அதனால் கையில் கட்டிய பட்டையைக் கழற்றி எறிந்தாலும், சீட்டுக்கான பில்லை எறியாதீர்கள்.

குறையும் உண்டு. 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும்தான். பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்தே விசாரணை நடக்கும். தரையில் தண்ணீர் எப்போது கொட்டியது, எச்சரிக்கைப் பலகை இருந்ததா, நீங்கள் எத்தனை ரவுண்டு போட்டிருந்தீர்கள் என்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்துதான் தெளிய முடியும் என்றால், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பினால், நல்லெண்ணத்தோடு ஆணையத்தில் செலவிட்ட காலத்தைக் கெடுவிலிருந்து கழிக்கக் கேட்கலாம். எலும்பு முறிவு, ஆபரேஷன், சில மாத சம்பள இழப்பு என்றால் நான் நுகர்வோர் ஆணையத்தைத்தான் சொல்வேன். வாழ்நாள் முழுக்க வேலை செய்ய முடியாத காயம் என்றால் கோவா வக்கீல் ஒருவரைப் பிடித்து சிவில் வழக்கைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த வழியானாலும் முதல் வாரம்தான் முக்கியம். கேசினோவில் கேமராவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றைக்கே மெயில் அனுப்புங்கள். கோவாவிலேயே ஆஸ்பத்திரியில் காட்டி, கேசினோவில் விழுந்தது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சென்னை திரும்பி நாலு நாள் கழித்துக் காட்டினால், விழுந்தது எங்கே என்ற கேள்வி கட்டாயம் வரும். 30 நாளுக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும் என்று டிக்கெட்டின் பின்னால் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். சட்டம் தந்த கெடுவை ஒப்பந்தத்தால் சுருக்குவது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி செல்லாது.

வெளிநாடு என்றால் கதை வேறு. அங்கே வழக்குப் போடக் கெடு இலங்கையில் 2 ஆண்டு, சிங்கப்பூரில் 3, மலேசியாவில் 6, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் 2. நெவாடாவில் இன்னொரு வில்லங்கம்: தவறில் உங்கள் பங்கு பாதிக்கு மேல் என்று முடிவானால் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. சிங்கப்பூர் கேசினோவில் வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காசு கொடுக்காதவர் இங்கே நுகர்வோர் என்று வாதிடுவது கஷ்டம். சென்னையில் உத்தரவு வாங்கினாலும் ஜப்தி செய்ய அந்த நிறுவனத்துக்கு இங்கே என்ன இருக்கிறது?

ஆகவே வெளிநாட்டில் விழுந்தவருக்கு முதல் துணை பயணக் காப்பீடுதான். அது ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும், பட்ட வேதனைக்குப் பணம் தராது. விழுந்த உடனே பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். குடிபோதையில் விழுந்ததாக மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால் கம்பெனி மறுக்க அதுவே போதும். மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை கேட்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் போக வேண்டும்.