கோலாலம்பூரில் அக்காவுக்கு வந்த ஆய்வு அழைப்பு

செந்தூலில் வசிக்கும் என் அக்காவுக்கு நுரையீரல் புற்றுநோய். புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று அரசாங்க மருத்துவமனையில் கேட்டிருந்ததால், மெல்பர்னிலிருந்து சென்ற இப்பயணத்தின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது.

நிபுணரின் அறையில் கிடைத்தவை சில நிமிடங்களே. ஆனால், ஆய்வு ஒருங்கிணைப்பாளரான தமிழ்ப் பெண் தனியறையில் நிதானமாக அமர்ந்து, "ஆண்ட்டி, இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டில் எல்லாரும் படித்துப் பாருங்கள்" என்று கூறித் தமிழ்ப் படிவத்தைக் கொடுத்தார். அதன் தமிழ் கரடுமுரடானது. அவர் வாய்ச்சொல்லே எங்களுக்கு உதவியது.

இது மூன்றாம் கட்ட ஆய்வு. முதற்கட்டத்தில் எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்பதையே முக்கியமாகப் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில், வழக்கமான சிகிச்சையைவிடப் புதியது மேலானதா என்று ஏராளமான நோயாளிகளிடம் ஒப்பிடுவார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, கணினி குலுக்கிப் போடுகிறது. புதிய மருந்துக்காகவே சேர நினைத்த அக்காவுக்கு அது கிடைக்காமலும் போகலாம் என்பது அன்றுதான் புரிந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவார்களோ என்ற அச்சத்துக்கு மட்டும் இடமில்லை. இந்த ஆய்வில் இரு பிரிவினருக்குமே வழக்கமான கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) உண்டு.

மருந்தை இலவசமாகக் கொடுத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றார் மாமா. அவர் சந்தேகம் நியாயமானதே. ஆயினும் மலேசியாவில், நோயாளிகளின் உரிமையும் பாதுகாப்பும் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி இத்தகைய மருந்து ஆய்வு எதையும் தொடங்க இயலாது. பதிவு பெறாத மருந்தாயின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியும் வேண்டும். சுகாதார அமைச்சு 2012இல் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா நிறுவனம் இத்தகைய ஆய்வுகளை நடத்தத் துணைநிற்கிறது.

என்னை உறுத்தியவை வேறு கேள்விகள்: கூடுதல் ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் யார் அழைத்துச் செல்வது, பக்கவிளைவால் பாதிக்கப்பட்டால் செலவை யார் ஏற்பது, மருந்து பலனளித்தால் ஆய்வு முடிந்தபின்னும் கிடைக்குமா. முதலிரண்டுக்கும் தெளிவான பதில் வந்தது: போக்குவரத்துப் படி உண்டு, காப்புறுதியும் உண்டு. மூன்றாவதற்கு, மருந்து நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது என்ற மழுப்பலான வரியே படிவத்தில் இருந்தது. அதை எழுத்தில் விளக்கித் தருமாறு கேட்டிருக்கிறோம்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதை அக்கா இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். விளக்கம் வந்தபின்பே கையெழுத்திடுவதாகக் கூறியிருக்கிறார்.