ஏ549-ஆ, பிரைமரி செல்லா: காசநோய்க் கிருமியை எதில் விட்டுப் பார்ப்பது?

காசநோய்க் கிருமி வந்து ஒட்டியதும் மூச்சுக்குழாயின் உள்பக்கச் செல்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கக் கிளம்புகிறவர், முதலில் எந்தச் செல்லை வளர்ப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். இரண்டு வருடம் ஏ549 என்ற புற்றுநோய்ச் செல்வரிசையோடு குப்பை கொட்டிவிட்டு, போன வருடம் பிரைமரி செல்களுக்கு, அதாவது மனித உடலிலிருந்து நேரடியாக எடுத்த செல்களுக்கு, மாறினேன். திரும்பிப் போவதாக இல்லை.

ஏ549 ஆய்வகங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1972-ல் 58 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தது. ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும், சீரம் கலந்த மீடியா (செல்லுக்கு உணவான திரவம்) போதும். திங்கட்கிழமை தட்டில் போட்டால் புதன்கிழமை கிருமியை விட்டுவிடலாம். ஆனால் அது மூச்சுக்குழாய் செல்லே அல்ல, காற்றறைச் செல்லின் சாயல். சிலியா, அதாவது சளியைத் தள்ளும் நுண்ணிய மயிர்கள், கிடையாது, வகைவகையான செல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதும் கிடையாது.

பிரைமரி என்றால், மனித மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த அடித்தளச் செல்களைத் துளையுள்ள சவ்வின் மேல் வளர்த்து, இடைவெளி இல்லாமல் நிரம்பியதும் மேல்பக்க மீடியாவை உறிஞ்சி எடுத்துவிடுவது. கீழிருந்து சாப்பாடு, மேலே காற்று. மூன்றாவது வாரவாக்கில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், சிலியா படபடவென்று அடிக்க, சளித் துணுக்கு ஒன்று அதன் மேல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்த்தபோது செய்ய வந்த வேலையையே மறந்துவிட்டேன்.

சரி, பராமரிப்புக்கு வருவோம், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. நான்கு வாரம், ஒன்றுவிட்டு ஒருநாள் மீடியா மாற்ற வேண்டும், பொங்கலானாலும் தீபாவளியானாலும். அதைக்கூடச் சமாளிக்கலாம், பெரிய தலைவலி அந்த மீடியாவுக்குள் என்ன இருக்கிறது என்பது. வேறு கிருமிகள் வராமலிருக்க வழக்கமாக ஊற்றும் பென்-ஸ்ட்ரெப் (பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை) என்ற ஆன்டிபயாடிக்கில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்து. அதை எடுக்காமல் கிருமியை விட்டால் விட்ட கிருமிக்கு நாமே மருந்து கொடுத்த கதை. ஏ549-ஐ ஆரம்பத்திலிருந்தே ஆன்டிபயாடிக் இல்லாமல் ஓட்டலாம், கெட்டால் இரண்டு நாள் நஷ்டம். பிரைமரியில் பென்-ஸ்ட்ரெப்பை நிறுத்திய மூன்றாம் நாள் வேறு கிருமி புகுந்து மீடியா மஞ்சளாகிக் கலங்கி, 12 இன்செர்ட்டும் (அந்தச் சவ்வு பொருத்திய சிறு கிண்ணங்கள்) ஒரு மாத உழைப்பும் குப்பைக்குப் போயின. ஆபத்தான கிருமிகளைக் கையாளும் பிஎஸ்எல்-3 பாதுகாப்பு அறையில் எனக்குக் கிடைத்திருந்த நேரமும் போச்சு.

அப்புறம் ஹைட்ரோகார்ட்டிசோன். செல் முதிர்வதற்காகச் சேர்க்கிறார்கள், ஆனால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு அது. என் முதல் பேட்ச்சில் ஐஎல்-8, அதாவது செல் வெளியிடும் அழற்சிச் சமிக்ஞைப் புரதம், அசையவே இல்லை. மூச்சுக்குழாய் செல் இந்தக் கிருமியைக் கண்டுகொள்வதில்லை என்று எழுதவே உட்கார்ந்துவிட்டேன், பாட்டில் லேபிளைப் படித்த பிறகுதான் உறைத்தது. ஸ்டீராய்டை முன்கூட்டியே நிறுத்திப் பார்த்தபோது ஐஎல்-8 ஏறியது, ஏ549 காட்டிய அளவுக்கு இல்லை. கிருமியில் பெரும்பாலானவை மேலேயே தங்கிவிட்டன, உள்ளே போனவை கொஞ்சம்தான். அந்த அடக்கமான பதிலைத்தான் நான் நம்புகிறேன்.

மூன்று பேரின் செல்களை வைத்துச் சொல்கிறேன், அதில் ஒருவருடையது மற்ற இரண்டோடு ஒத்தே போகவில்லை. செல்களை முப்பரிமாணக் குட்டி உறுப்பாக வளர்க்கும் ஆர்கனாய்டில் நான் கைவைத்ததில்லை. கிருமியின் நூற்றுக்கணக்கான மியூட்டன்ட்களை (மரபணு மாறிய வகைகளை) சலிக்க வேண்டும் என்றால் ஏ549-ஐத்தான் எடுக்கச் சொல்வேன். செல்களை உறைய வைக்கும் எங்கள் நைட்ரஜன் டாங்கில் இன்னும் நாலு குப்பி ஏ549 கிடக்கிறது, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கை பழக அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.