மிஸ்டர் சோ வீட்டு நெட்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் வேலையிடத்தில் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நீங்க போட்டிருக்கிற நெட் எப்படி? இப்ப விலை குறைச்சிருக்காங்களாம்." நல்லா இருக்குடா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. "ஹலோ, மிஸ்டர் சோ?"

என் பெயர் சோ இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த நெட்டைப் பற்றி எனக்குப் பேச வராது.

2019-ல் சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்துக் கடைத்தொகுதி ஒன்றின் கீழ்த்தளத்தில் இந்த நெட் நிறுவனத்தார் மேசை போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பையன் என் அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து டேப்லெட்டில் தட்டினான். நம்மாட்கள் பலருக்கும் இருப்பதுபோல என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'எஸ்/ஓ', அதாவது 'இன்னாரின் மகன்'. அந்தச் சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை, சிவப்பாகக் கத்தியது. அவன் கோட்டைத் தூக்கிவிட்டு இரண்டு ஆங்கில எழுத்தையும் ஒட்டினான், 'சோ' ஆகிவிட்டது. படிவம் சமாதானமாகி, அதையே என் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து பில் "அன்புள்ள மிஸ்டர் சோ" என்றுதான் வரும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். வங்கி, வேலையிடம், மருந்தகம், வேறு எங்கேயும் நான் சோ இல்லை. இது முக்கியம்.

2021 வாக்கில் ஆரம்பித்தது. ஏர்கான் கழுவ வேண்டுமா மிஸ்டர் சோ, பிள்ளைக்கு டியூஷன் வேண்டுமா மிஸ்டர் சோ, அவசரக் கடன் வேண்டுமா மிஸ்டர் சோ. ஓர் அம்மா பெயரைப் பார்த்துவிட்டு, சீனர் என்று நினைத்து மாண்டரினிலேயே ஐந்து நிமிடம் பேசினார். மின்னஞ்சலிலும் அதே சோ. மொத்தமாக அனுப்பும் விளம்பர மின்னஞ்சலின் தலைப்பில் 'ஏடிவி' (விளம்பரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டும் என 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு வந்ததில் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை.

கோபத்தில் நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதினேன். அப்படி ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். முகவரி இணையத்தளத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. "எங்கள் பக்கம் கசிவு எதுவும் இல்லை" என்று பதில். சரி, கடந்த ஓராண்டில் என் விவரத்தை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் எப்போது சொல்வோம் என்றாவது சொல்ல வேண்டும். இருபத்தேழாம் நாள் வந்தது: கம்பி இழுத்த ஒப்பந்தக்காரர், அப்புறம் "விளம்பரப் பங்காளிகள்". டேப்லெட்டில் நான் விரலால் கிறுக்கிய கையெழுத்துதான் சம்மதமாம்.

நியாயமாகச் சொன்னால், அந்த மேசைப் பையன்களோ ஒப்பந்தக்காரரோ பட்டியலை விற்றிருக்கலாம், நிறுவனத்துக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆனால் தன் வேலைக்காக யார் கையில் கொடுத்தாலும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் என்கிறது சட்டம். சம்மதத்தைத் திரும்பப் பெற்றேன். அவர்கள் விளம்பரம் நின்றது. ஏற்கெனவே போன சோ போனது போனதுதான்.

நெட்டைப் பற்றி இரண்டு வரி: ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் அறுந்தது, இரண்டும் அன்றே சரியானது. கடைசி அறையில் மகள் வீடியோ வகுப்பில் இருக்க, நான் அடுப்படியில் கிரிக்கெட் பார்க்கலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு நல்லதும் நடந்தது. போன வருடம் "உங்கள் இணைப்பு இன்று துண்டிக்கப்படும்" என்று ஒருவன் பயமுறுத்தினான். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம்கூடச் சொன்னான். ஒரு கணம் நம்பியே இருப்பேன். ஆனால் அவன் என்னை மிஸ்டர் சோ என்றான். உண்மையான சேவை மையத்து ஆட்கள் திரையில் சோவைப் பார்த்ததும் தடுமாறி, "சார், உங்க பேரை எப்படிச் சொல்றது?" என்று கேட்பார்கள். இவன் தடுமாறவே இல்லை. போனை வைத்துவிட்டு, மோசடி பற்றிச் சொல்லும் உதவி எண் 1799-க்கு அழைத்துச் சொன்னேன்.

தம்பியிடம், "எடுக்காதேடா, வேற பாரு" என்றேன். நான் சனிக்கிழமை போய் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன், மாதம் ஏழு சிங்கப்பூர் வெள்ளி குறைவு. கவுண்டர் பெண், "சார், பேரு தப்பா இருக்கே, மாத்திடவா?" என்று கேட்டார்.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.