உப்புக்காற்றும் ஒயரிங் படமும்: பழுதுத் தகவலுக்கு யாரிடம் போவது?

மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இந்தக் கரையோரம் வண்டி ஓட்டுபவர்களுக்கு வரும் மின்கோளாறுகள், என் கணிப்பில், பெரும்பாலும் எந்த உதிரிபாகத்திலும் இருப்பதில்லை. இரண்டு பாகங்களை இணைக்கும் இடத்தில் இருக்கின்றன. ஒயர்களைச் செருகி இணைக்கும் கப்ளருக்குள் களிம்பு ஏறியிருக்கும். எர்த் போல்ட்டைச் சுற்றித் துரு பிடித்திருக்கும். மீன் ஏற்றும் வண்டியென்றால் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் ஒயர் ஊறிப்போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்ற படம் அங்கே கிடைக்குமா?

முதலில் மலிவான வழி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைப் பொருத்தியில் செருகி, வண்டியின் கணினி பதிந்துவைத்த பிழைக்குறிகளை ப்ளூடூத் வழியாகக் கைப்பேசியில் காட்டும் சிறு கருவி. சில நூறு ரூபாய்க்குக் கூடக் கிடைக்கிறது. 'பி 0' (P0) என்று தொடங்கும் குறிகளின் பொருள் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். 'பி 1' என்று தொடங்குபவை அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஏர்பேக் பக்கம் இந்தக் கருவி பெரும்பாலும் எட்டிப்பார்ப்பதில்லை. இரு சக்கர வாகனங்களுக்குப் பொருத்தியின் வடிவமே வேறு. தனி இணைப்புக் கேபிள் வாங்க வேண்டும்.

குறி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பி 0118-ஐப் பார்க்க வேண்டும். 'கூலன்ட் வெப்பநிலை சென்சார் சுற்றில் மின்னழுத்தம் அதிகம்' என்பது அதன் பொருள். கூலன்ட் என்பது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். சென்சார் செத்தாலும் இதே குறி வரும், ஒயர் அறுந்தாலும் வரும், கப்ளர் களிம்பேறித் தொடர்பு விட்டாலும் வரும். மூன்றிலும் சுற்று திறந்துகிடப்பதால் இன்ஜின் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. பல வண்டிகளில் அப்போது திரையில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில்!

இங்கேதான் ஒயரிங் படம் உள்ள பழுதுக் கையேடு தேவைப்படுகிறது. கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்ப்பது பழைய சோதனை. திரையில் வெப்பநிலை மறுகோடிக்குத் தாவினால் ஒயரிங் நல்ல நிலையில் இருக்கிறது. கப்ளர் முனைகளில் களிம்பு இல்லையென்றால் சென்சாரை மாற்றலாம். அசையாமல் நின்றால் சென்சார் வாங்கிப் பயனில்லை, ஒயரைத் தேடிப் போக வேண்டும். ஆனால் எந்த முனைகளை இணைப்பது என்று தெரியாமல் இதைச் செய்யக் கூடாது. சில வண்டிகளில் அந்தக் கப்ளருக்கு மூன்று முனைகள். தவறான முனையைத் தொட்டால் சென்சார் செலவு போய்க் கணினிச் செலவு வந்து நிற்கும்.

அடுத்து, உள்ளூர்ப் பட்டறை. பல நிறுவன வண்டிகளையும் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்குகள் பெருகிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அது இல்லாமல் தொழில் நடத்துவதே கடினம். ஏபிஎஸ், ஏர்பேக் குறிகளைப் படிப்பது, டீசல் வண்டியின் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யக் கட்டளை கொடுப்பது, எரிபொருளைப் பீய்ச்சும் புது இன்ஜெக்டரின் எண்ணைக் கணினியில் பதிப்பது எல்லாம் நல்ல ஸ்கேனரில் முடியும். ஆனால் ஸ்கேனர் இருப்பதாலேயே ஒயரிங் படமும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பல பட்டறைகளில் படம் என்பது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய மங்கலான ஒரு பக்கம்தான். என்னைக் கேட்டால், இந்தக் கரையில் பெரிய ஸ்கேனர் வைத்திருப்பவரைவிட மல்ட்டிமீட்டரோடு கப்ளர் கப்ளராகப் போகும் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்கே முதல் மதிப்பு. அவரிடம் படமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இணையத்தில் இலவசமாகச் சுற்றும் பிடிஎஃப் கையேடுகளை நம்பி ஒயரை வெட்ட வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பிஎஸ் 4 வண்டிக்கும் பிஎஸ் 6 வண்டிக்கும் ஒயரிங் ஒன்றல்ல.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் எல்லாம் இருக்கிறது: படம், சாவிப் பதிவு (புதுச் சாவியை வண்டிக் கணினிக்கு அறிமுகப்படுத்துவது), கணினி மென்பொருள் புதுப்பிப்பு. உங்களுக்குக் காட்டத்தான் மாட்டார்கள். களிம்பேறிய முனையைச் சுத்தம் செய்து மாட்டுவதைவிட முழுப் பாகத்தையோ ஒயர்க் கட்டு முழுவதையுமோ மாற்றுவது அவர்களுக்கு எளிது. பில்லும் அதற்கேற்றபடி வரும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே சுமார் 55 கிலோமீட்டர். ஓடாத வண்டியைப் பாம்பன் பாலம் தாண்டி இழுத்துச் செல்லும் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'வெளியே கைவைத்தால் வாரண்டி போய்விடும்' என்ற மிரட்டல் பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே பழுது பார்த்ததற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றது அந்த உத்தரவு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது; வாகனத் துறையும் அதில் ஒரு பிரிவு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே இதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. அங்கே வண்டிக்காரரே கட்டணம் செலுத்தி நிறுவனத்தின் கையேட்டைத் திறந்து பார்க்கலாம். நம்மூரில் அந்தக் கட்டணத்தை வாங்கிக்கொள்ளக் கூட ஆளில்லை என்பதுதான் என் எரிச்சல்.

எனவே என் தேர்வு இப்படி. வாரண்டிக்குள் இருக்கும் வண்டியில் செக் என்ஜின் விளக்கு எரிந்தால், கைப்பேசிக் கருவியில் குறியைப் படித்துப் படம் எடுத்துக்கொண்டு, அழிக்காமல் கம்பெனிக்கே போங்கள். குறியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவரிடம் பில் கொஞ்சம் அடக்கமாகவே வரும். வாரண்டி முடிந்த காருக்கும் மீன் வண்டிக்கும் எலெக்ட்ரீஷியன் முதலில், ஸ்கேனர் பட்டறை அடுத்து. ஏர்பேக்கும் சாவிப் பதிவும் மட்டும் எப்போதும் கம்பெனிக்கு. சர்வீஸ் சென்டரில் பாகத்தை மாற்றச் சொன்னால், பழைய பாகத்தையும் அதன் கப்ளரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முனைகள் களிம்பேறிப் பச்சையாக இருந்தால் வேலை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.